கூட வருகிறவர்கள்

எங்கள் மலையில் பாரதக் கூத்து வைத்தால் அபிமன்னன் செத்தே ஆக வேண்டும். சாகப்போகிறான் என்று கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். போன தடவை வைத்தபோதும் செத்தான், அதற்கு முந்தின தடவையும் செத்தான். இருந்தும் அந்த ராத்திரி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகளில் ஒருத்தியாவது எழுந்து, "உள்ள போவாதடா சாமி, அடிச்சிப்புடுவானுங்க" என்று கத்துவாள். சக்கர வியூகத்துக்குள் நுழைய மட்டும் தெரிந்து வெளியே வரத் தெரியாத அந்தப் பிள்ளை, அவளைத் திரும்பியும் பார்க்காமல் கிறிக்கி அடித்துச் சுழன்றுகொண்டே உள்ளே போய்விடுவான்.

புதூர்நாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஜவ்வாது மலை என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்னாலும் பலருக்குக் கோடை விழா நடக்கிற ஜமுனாமரத்தூரோ, வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற காவலூரோதான் நினைவுக்கு வரும். நாங்கள் திருப்பத்தூர் பக்கத்து மலைக்காரர்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். சாமை, புளி, பலா, தேன். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கியபோது நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தில் விழுந்தோம். மற்றபடி மலை மலையாகத்தான் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது அபிமன்னன் வேஷம் கட்டியவர் எங்கள் ஊர்க்காரரே. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் மேலே வந்து தங்கி, இளவட்டங்களுக்குப் பாட்டும் அடவும் சொல்லிக் கொடுத்துக் கூத்தை ஏற்றுவார். பகலில் சாமைக் காட்டில் களை பிடுங்குகிற ஆள், ராத்திரி அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டித் திரைக்குப் பின்னால் நிற்கும்போது, கூடப்பிறந்தவர்களே வாடா போடா என்று பேச மாட்டார்கள். விடியற்காலையில் அவர் விழுவார். ஆர்மோனியம் ஓய்ந்து முகவீணை மட்டும் கொஞ்ச நேரம் அழும். சுபத்திரை வேஷக்காரர் மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி எடுக்கும்போது கூட்டத்திலிருந்து பதில் ஒப்பாரி கிளம்பும். எது கூத்து, எது சாவு வீடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் அந்த மனிதர் மாட்டை ஓட்டிக்கொண்டு தெருவில் போனால் பெண்கள் கூப்பிட்டு ஒரு சொம்பு பால் கொடுப்பார்கள், முட்டை அவித்துக் கொடுப்பார்கள். "ரத்தம் போன உடம்பு" என்று ஒருத்தி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சயிந்தவன் வேஷம் கட்டியவர் கதைதான் பாவம். அபிமன்னனைக் கொன்றது அவர். எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கூத்து முடிந்த வாரம் முழுக்க அம்மா அவருக்கு மோர் ஊற்றவில்லை.

"அண்ணி, நான் இன்னா பண்ணட்டும்? வாத்தியாரு குடுத்த வேஷம்."

"வாத்தியாரு குத்துன்னா குத்திடுவியா? அது கொழந்தப்பா."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. மோர் கிடைக்காததை அவர் வேஷத்துக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வேஷம் கட்டுகிறவர்கள் பாடு இன்னும் விசித்திரம். காப்புக் கட்டினால் மலையை விட்டு இறங்கக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது. அபிமன்னன் கட்டியவரிடம் பெரியவனான பிறகு ஒருநாள் கேட்டேன், செத்து விழும்போது என்ன நினைப்பு ஓடும் என்று. முதலில் மழுப்பினார். அப்புறம், "சுந்தரி நெனப்புதான்" என்றார். சுந்தரி, எங்கள் கூத்துக் கதையில் அபிமன்னனுடைய மனைவி. அந்த வேஷம் கட்டியது அவருடைய பங்காளி, மீசையை மழித்துக்கொண்டு ஆடிய ஆம்பிளை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. "அந்தப் பொண்ணு தனியா நிக்குமேன்னு இருக்கும். வேஷம் கலைச்சும் ரெண்டு நாளு உடம்பு அவனோடதாவே இருக்கும்."

இந்தப் பேச்சை நான் பல வருஷம் மறந்திருந்தேன். நினைவுபடுத்தியது அக்கா மகன் ஆடிய ஒரு கம்ப்யூட்டர் கேம்.

ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை உண்டு. அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டத்தை அச்சிட்டு விற்றார்கள். வரலாற்றை அங்கிருந்து ஆரம்பிப்பது வழக்கம். அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதிக்கொள்வார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். ஒருவர் கதையை நடத்துவார். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று பகடை சொல்லும். நடத்துகிறவரை வாத்தியார் என்று வைத்துக்கொண்டால் எங்கள் ஊரில் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். வித்தியாசம் ஒன்றுதான். கூத்தில் அபிமன்னன் சாவது எழுதி முடித்த சேதி. இங்கே பகடை உருண்டு நிற்கும்வரை ஆளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்த வழிதான் ஆடுகிறவனைத் தூங்கவிடாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அக்கா மகன் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தான். விடுதியை மூடியதும் துணி மூட்டையோடும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்போடும் மலையேறினான். ஆன்லைன் வகுப்புக்கு ஊருக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி, டவர் எடுக்கிற திசையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மலையில் அந்த வருஷம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படி ஒரு பாறை உண்டு. நெட் இல்லாத ஊரில் நெட் இல்லாமல் ஓடுகிற கேம்தான் ஓடும். அவனிடம் இருந்தது 'ஸ்கைரிம்', அதே ரோல் பிளேயிங் வகை, கம்ப்யூட்டரில் ஆடுவது. பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்டது. பழசு என்பதால் அந்த லேப்டாப் அதைத் தாங்கியது.

அக்காவுக்குக் கேம் என்றால் எல்லாம் ஒன்றுதான். குற்றம் சொல்ல முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரை விட்டவர்கள் செய்தி அப்போது அடிக்கடி வந்துகொண்டிருந்தது; 2022-இல் அதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஊரடங்கு வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தபோது, "பார்த்தியா, கவுருமெண்டே நிறுத்திடுச்சி" என்று அக்கா லேப்டாப்பைக் காட்டிச் சொன்னாள். இது வேற கேம் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மா வாங்கினாள். வயசான காலத்தில் அவளுக்கு ராத்திரி தூக்கம் குறைந்துவிட்டது. பேரன் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அவளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பனி மூடிய மலை, ஓநாய், குகை, டிராகன். எங்கள் மலையில் பனி பெய்யாதே தவிர, மலையும் குகையும் ஆள் அரவமில்லாத ஒற்றையடிப் பாதையும் அவளுக்குப் புதுசில்லை. கொஞ்ச நாளில் அவள் கண்ணில் பட்டது டிராகன் இல்லை.

"யாருடா அந்தப் பொண்ணு, உன் பின்னாலயே வருது?"

"லிடியா, ஆயா. எனக்குத் துணைக்கு வருது. சண்டை போடும், என் சுமையெல்லாம் தூக்கும்."

"நீ ஏன் தூக்கக் கூடாது?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. லிடியா யார் என்றால், முதல் டிராகனைக் கொன்றதும் ஒயிட்ரன் என்ற ஊரின் தலைவர் பரிசாக அனுப்பி வைக்கிற மெய்க்காவல்காரி. ஆடுகிறவன் எங்கே போனாலும் பின்னால் வருவாள். மூட்டையை ஏற்றினால் முணுமுணுத்துக்கொண்டு தூக்குவாள். அவளுக்கென்று பெரிய கதை கிடையாது, பேச்சும் அதே நாலைந்து வாக்கியம்தான். அந்த நாலைந்து வாக்கியக்காரி மேல்தான் உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் உயிரை வைத்தார்கள். எங்கள் பையன் நல்ல கவசம் கிடைத்தால் முதலில் அவளுக்குப் போட்டான். அவன் உடம்பில் பழையதுதான் கிடந்தது. ஆபத்தான இடம் என்று தெரிந்தால் அவளை ஒயிட்ரன் வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனான். காவலுக்கு வந்தவளுக்கு இவன் காவல். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாள். அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

"கட்டிக்கலாமாடா அதை?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். ஆட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது. அவன் வெட்கப்பட்டு லேப்டாப்பை மூடினான்.

அந்த ஆட்டத்தில் ஒரு நாயும் உண்டு. மீகோ என்று பெயர். காட்டுப் பாதையில் எதிர்ப்பட்டுக் குரைக்கும். பின்னாலேயே போனால் ஒரு குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே அதன் எஜமான் நோயில் செத்துக் கட்டிலில் கிடப்பான். பக்கத்தில் அவன் எழுதி வைத்த குறிப்பு, நாயைப் பற்றி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாய் ஆடுகிறவனோடு வரத் தயார். அம்மா இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய், எங்கள் வீட்டு நாய்க்கு மிச்சச் சோற்றைப் போட்டுவிட்டு வந்தாள்.

எனக்கு அன்றைக்கு எடத்தனூர்க் கல் ஞாபகம் வந்தது. எங்கள் மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரம் நடுகற்களால் நிறைந்த பூமி. 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று இரா. நாகசாமி பதிப்பித்த புத்தகத்தையே வெளியிட்டது. அந்த வட்டாரத்து எடத்தனூரில் கிடைத்த கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளை மீட்கிற சண்டையில் செத்தான். அவனுக்குக் கல் நட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு நாயைச் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்று காத்தது என்றும் தனியாக எழுதி வைத்தார்கள். எருமைக்காரன் பெயரோடு நாயின் பெயரும் 1400 வருஷமாகக் கல்லில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு. செத்த வீரனை மட்டும் நினைப்பது அரசாங்க வேலை; கூட நின்றதையும் சேர்த்து நினைப்பதுதான் ஊர்க்காரர் வழக்கம்.

சொர்க்க வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று தருமர் நின்ற கதையைப் பாரதப் பிரசங்கியார் சொல்லும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தருமர் சொன்ன மற்ற தருமங்கள் எதற்கும் அப்படி நிமிராது.

வீரன் மேல் நமக்கு இருப்பது மதிப்பு. பாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வேஷத்தை நாமே கட்டிக்கொண்ட பிறகு அந்த வீரன் நாம்தான். தன் மேலேயே எவ்வளவு நேரம்தான் ஒருவன் உருகுவான்? பக்கத்தில் நடந்து வருகிறவள், சுமை தூக்குகிறவள், தீ மூட்டிய இடத்தில் எதிரே உட்காருகிறவள், இவர்கள் மேல்தான் அந்தப் பாசம் போய் விழுகிறது. கர்ணன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வடமாவட்டங்களில் கருமாதிக்குக் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பது இன்றைக்கும் உண்டு. போருக்குக் கிளம்புகிற கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம் வந்தால்தான் செத்தவர் வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். அவன் வள்ளல் என்று பாடும்போது தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

கேம் செய்கிறவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஜப்பானில் 1990-இல் வந்த 'ஃபயர் எம்பளம்' ஆட்டத்தில் படைவீரன் ஒருவன் செத்தால் செத்ததுதான், அடுத்த சண்டைக்கு வர மாட்டான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பெயர், ஒரு முகம். ஜெயிக்கப் போகிற சண்டையைக்கூட, ஓர் ஆள் விழுந்துவிட்டான் என்பதற்காக நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆடுவார்கள் ரசிகர்கள். 1997-இல் 'ஃபைனல் ஃபேன்டசி 7' வந்தது. ஏரித் என்ற பூக்காரப் பெண், மந்திரம் தெரிந்தவள், கூட வருகிறவர்களில் ஒருத்தி. மணிக்கணக்காகக் கூடவே நடந்து, சண்டைக்குச் சண்டை தேறி வந்தவளைக் கதையின் நடுவில் வில்லன் வாளால் குத்திவிடுகிறான். காப்பாற்ற வழியே வைக்கவில்லை. எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். கிழவி எழுந்து நின்று உள்ளே போவாதே என்று கத்தியதற்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. 2012-இல் 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவைப் பார்த்துக் கொதித்தெழுந்தவர்களுக்காக, பயோவேர் நிறுவனம் சில மாதங்களில் முடிவை விரித்து இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் பைத்தியம், ஜப்பான்காரன் பைத்தியம் என்று நாம் சொல்லக் கூடாது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது வாரா வாரம் காத்துக் கிடந்தவர்கள் நாம். அதிலும் ஊர் மனதில் உட்கார்ந்தவன் பட்டத்துக்குரிய சோழன் அல்ல, குதிரையில் சேதி கொண்டுபோன வந்தியத்தேவன்.

இந்தப் பாசத்தில் காசு பார்க்கிறவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அக்காவுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். துணைக்கு வருகிற பாத்திரங்களையே குலுக்கலில் வைத்து விற்கிற ஆட்டங்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் சீட்டு இழுக்கலாம். ஆசைப்பட்ட ஆள் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆட்டத்தை இலவசம் என்று கொடுத்துவிட்டு இதில் வாரிக்கொள்கிறார்கள். இதையும் ரம்மியையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். கூத்தில் அபிமன்னனுக்கு மொய் எழுதியவன், எழுதாவிட்டால் அபிமன்னன் வர மாட்டான் என்று பயந்து எழுதவில்லை.

லிடியா செத்தது ஊரடங்கு வருஷத்து ஐப்பசி அடைமழையில். மழை என்பது எங்கள் வீட்டுக் கூரையில், ஆட்டத்தில் பனி. மலையுச்சியில் டிராகனோடு சண்டை. அவன் அம்பு மேல் அம்பாக விட்டான். டிராகன் விழுந்தது. ஓடிப்போய் அதன் எலும்பையும் செதிலையும் எடுத்துக்கொண்டான். எலும்பு கனம், அவனால் நடக்க முடியவில்லை. ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, சுமையை மாற்றிக் கொடுப்பதற்காகத் திரும்பினான். லிடியா வரவில்லை.

தேடினான். பாறைக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். அவள் கவசத்தில் தைத்திருந்தது டிராகனின் நெருப்பு இல்லை, இவன் அம்பு. சண்டையில் அவள் குறுக்கே ஓடியிருக்கிறாள். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். "பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம் இல்லடா?" என்று கேட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் சேமித்த ஆட்டம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் அவள் உயிரோடு நிற்பாள்.

"அது வேற லிடியா, மாமா. அந்தக் குகையில என்னைக் காப்பாத்துனது இவ."

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவன் தன் மூட்டையைத் திறந்து, வழியில் மருந்துக்காகப் பறித்து வைத்திருந்த நீல மலைப்பூவில் ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் போட்டான். பூ பனியில் உருண்டு சற்றுத் தள்ளிப் போயிற்று. திரும்ப எடுத்துச் சரியாக வைத்தான். பிறகு டிராகன் எலும்பையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டான். சுமக்க ஆள் இல்லை.

அக்கா சோற்றுக்குக் கூப்பிட்டாள். வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கண் சிவந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், காதல் தோல்வியா, பரீட்சையில் போய்விட்டதா என்று துளைக்க ஆரம்பித்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் பயம் கோபமாக மாறியது. பொம்மைக்கு அழுகிறானா என்றாள். அம்மாதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அவனை ஒண்ணும் கேக்காத. சாவு வீட்டுப் புள்ளை மாதிரி இருக்கான், வுடு."

அப்புறம் அவளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்டாள். எங்கே விழுந்தாள், சத்தம் போட்டாளா, இவன் எந்தப் பக்கம் நின்றான். சாவு வீட்டில் பெரிய பொம்பிளைகள் கேட்பது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுது முடித்தான். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் ஆறிப்போயிருந்தன. சாப்பிட்டான்.

கீழே செங்கம், திருப்பத்தூர் பக்கத்து ஊர்களில் அக்னி வசந்த விழா முடிவில் படுகளம் நடக்கும். மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். துரியோதனன் பெண்டாட்டியும் வந்து ஒப்பாரி வைப்பாள், எதிரிக்கும் அழுகை உண்டு. அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு சனம் வீட்டுக்குப் போகும். சாயந்திரம் தீமிதி. அப்புறம் தருமர் பட்டாபிஷேகம், காப்பு அவிழ்ப்பு. பல நாள் அவர்களோடு வாழ்ந்து, அழுது, ஊரே சேர்ந்து கணக்கை முடித்து வீட்டுக்கு வருகிற ஏற்பாடு அது. லேப்டாப்பில் ஆடுகிறவனுக்கு அழ ஆள் கிடையாது, அழுததைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பையனுக்கு ஓர் ஆயா இருந்தாள்.

ஆட்டத்தில் கூட வருகிறவர் சில சமயம் நிஜ ஆளாகவே இருப்பதும் உண்டு. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞன். தசைகள் செயலிழக்கிற பரம்பரை நோயோடு பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் அவன் பெயர் இபெலின். ஓடக்கூடிய, வாள் வீசக்கூடிய ஆள். பிள்ளை தனியாக வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றவர்கள் நினைத்தார்கள். சாவைத் தெரிவித்தபோது, பல தேசங்களிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் குவிந்தன. என்னை என் மகனோடு சேர்த்து வைத்தவன், துக்கத்தில் துணை நின்றவன் என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். அடக்கத்துக்கு அந்த ஆட்டத்துக் கூட்டாளிகள் சிலர் நேரிலேயே வந்தார்கள். 2024-இல் இதைப் பற்றி ஆவணப்படம் வந்திருக்கிறது. வேஷத்துக்குள் இருந்தது ஆள்தான் என்று பெற்றவர்களுக்கு அவன் போன பிறகுதான் தெரிந்தது.

அக்கா மகன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். அம்மா போய்விட்டாள். அவள் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைத்தோம். பொன்னுருவி கட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது அவன் ஆடுவது 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'. அதிலும் செத்த எஜமான் பக்கத்தில் காவல் நிற்கிற நாய் ஒன்று இருக்கிறதாம், பெயர் ஸ்கிராட்ச். கார்லாக் என்று ஒருத்தி இருக்கிறாளாம். நெஞ்சில் இதயத்துக்குப் பதில் எரிகிற நரகத்து இயந்திரம், தொட்டால் சுடும், கடைசியில் அந்த நெருப்பே அவளைத் தின்றாலும் தின்றுவிடும். போன வாரம் போனில் அவளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். சம்பள உயர்வைப் பற்றி இரண்டு நிமிஷம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். ஆடுவது காசு வைக்கிற ஆட்டமா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நிறுத்துங்கள். இல்லையென்றால், கூட வருவது யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். சிரிக்காமல் கேட்டால் நிச்சயம் சொல்வார்கள். சோறு அரை மணி நேரம் தாமதமாகும், பரவாயில்லை.